பெயரில்லாத அட்டை

1

என் மகள் போன வாரம் என்னைத் தன் வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டாள். பதினைந்து வயது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கைப்பேசியில் காட்டும் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் அவளுடைய நீலப் புள்ளியை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம், டியூஷன், சுபாங் ஜெயாவில் தோழி வீடு, பேரங்காடி. வேலைக்கு நடுவே ஒரு பார்வை பார்த்துவிட்டால் மனசு அடங்கும். செவ்வாய்க்கிழமை பார்த்தால் புள்ளியைக் காணோம். என்னவோ ஆகிவிட்டது என்று பதறி அழைத்தேன். அவள் வகுப்பில்தான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், “அம்மா, க்ரீப்பியா இருக்கு லா. சும்மா சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க” என்றாள்.

அவளுடைய கூட்டாளிகள் முப்பது பேருக்கு மேல் அந்தப் புள்ளியை இன்னும் பார்க்கிறார்கள். அவர்களில் சிலரை அவள் நேரில் கண்டதே கிடையாது. பெற்றவளுக்கு மட்டும் கதவடைப்பு. வேறு நாளாக இருந்தால் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்திருப்பேன். கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்கு நிற்கும் என் கணவரையும் தொலைபேசியில் இழுத்துவிட்டிருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிற விஷயத்தில், யாருக்கும் புத்தி சொல்கிற தகுதி எனக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் திண்டுக்கல்லில் வளர்ந்தவள். கல்லூரிக்குப் போன மூன்று ஆண்டும் ஒரே பேருந்து, ஒரே நடத்துநர். ஒருநாள் எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கூடப் படித்த பையன் ஒருவனோடு பத்து நிமிடம் பேசிவிட்டு நடந்து போனேன். பேருந்து அப்பாவின் கடையைத் தாண்டித்தான் போகும். “பாப்பா இன்னைக்கு முன்னாடியே எறங்கிருச்சே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று நடத்துநர் வண்டியிலிருந்தே அக்கறையாக விசாரித்திருக்கிறார். அப்பா அடிக்கவெல்லாம் இல்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் என்ன சொன்னான் என்பது மறந்துவிட்டது. நடத்துநரின் முகம் மறக்கவில்லை.

கோலாலம்பூருக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு ஆண்டு முடிகிறது. பிரிக்பீல்ட்ஸில் வீடு. வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், எங்கே போகிறாய் என்று எவரும் கேட்காததுதான். ஒரு சாயங்காலம் வேண்டுமென்றே வேறு நிலையத்தில் இறங்கி, அரை மணி நேரம் காரணமில்லாமல் நடந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

இங்கேயும் ஒரு நடத்துநர் குறித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பயண அட்டையைத் தட்டுகிறோம். எந்த அட்டை, எந்த இடம், எந்த நேரம் என்று ஒவ்வொரு தட்டும் பதிவாகிறது. அந்தப் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் எனக்குக் கிடைத்தது.

3

ஆரோக்கியத்தை எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிறவளாகத்தான் தெரியும். சிவகங்கைப் பக்கத்துக்காரி. சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை அழைத்து வந்தார்கள். சமையல், துணி, மூன்று கார் கழுவுவது எல்லாம் பிறகு சேர்ந்துகொண்டன. கடவுச்சீட்டு முதலாளியம்மாவின் அலமாரியில். வாசல் கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. பூசைக்கு மட்டும் விடுவார்கள், காலை ஆறு இருபது பேருந்தில் ஏறிப் பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கும் விட்டார்கள். ஒரு வெள்ளி மட்டும் பெரியம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதால் வர முடியவில்லை என்று மறுவாரம் என்னிடம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டாள்.

இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்பை ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காட்டினாள். தானாகப் பட்டதா என்று கேட்டேன். தழும்பைத் துணியால் மூடிக்கொண்டாள். அடுத்த வாரமே பூசைக்கு வந்தவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

இந்த நாட்டில் அப்படி வெளியேறுகிற வேலைக்காரிக்குப் பெர்மிட் போய்விடும். ஓடிப்போனாள் என்று முதலாளி ஒரு புகார் கொடுத்தால் போதும், அன்றிலிருந்து அவள் கள்ளக்குடியேறி. எனக்குத் தெரிந்த பாதுகாப்பையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். கைப்பேசியை விற்றுவிடு, சிம்மை உடைத்துப் போடு, இந்தக் கோயிலுக்கு இனி வராதே, யாரோடும் படம் எடுத்துக்கொள்ளாதே. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் பையிலிருந்து பயண அட்டையை எடுத்தாள். முதலாளி வீட்டில் கடையில் வாங்கிக் கொடுத்த சாதாரண அட்டை. அதன் பின்பக்கம் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டி, சாமியாரிடம் மந்திரித்து வைத்திருந்தாள்.

“இதையும் போட்ரணுமாக்கா? மாதாவக் குப்பையில போட மனசு வரலை.”

படத்தை உரிக்கப் பார்த்தாள், கிழியும்போல் இருந்தது. நான்தான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். அது இருக்கட்டும், அதில் உன் பெயர் எங்கேயும் இல்லை என்றேன். அந்தத் துறையில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவள் சொன்ன ஆலோசனை இது.

4

மறு ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலகத்தில் ஒரு வேலை வந்தது. முந்தைய ஆண்டின் பயணப் பதிவுகளைப் பொதுமக்கள் இணையத்தில் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். மாணவர்கள், ஆய்வாளர்கள், செய்தியாளர்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் ஏற்கனவே கிடையாது. அட்டை எண்ணையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு புது எண்ணைக் கொடுத்தோம். நேரத்தை அருகிலுள்ள கால் மணிக்கு மாற்றி வைத்தோம். பத்துப் பேருக்குக் குறைவாக ஏறும் நிறுத்தங்களை மறைத்தோம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. ஓர் அட்டைக்குக் கொடுத்த புது எண் ஆண்டு முழுவதும் அதே எண்தான். தினம் ஒரு முகமூடி மாற்றிப் போட்டால் ஆளைத் தொடர முடியாது. ஆண்டு பூராவும் ஒரே முகமூடி என்றால் அதுவே முகம். நாளுக்கு நாள் எண்ணை மாற்றிவிடலாம் என்று மேலாளர் ரவியிடம் சொன்னேன்.

ரவி கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். கெட்டவர் இல்லை. பேருந்தே எட்டிப் பார்க்காத குடியிருப்பில் அவருடைய அம்மா இருக்கிறார். அதே ஆட்கள் தினம் மூன்று வண்டி மாறிச் சாகிறார்கள் என்பதைக் காட்டினால்தான் புதுத் தடம் கேட்க முடியும், எண்ணை மாற்றினால் அந்தக் கதையே அழிந்துவிடும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

“பேர் இல்ல, அடையாள அட்டை ஐசி நம்பர் இல்ல. அப்புறம் என்ன பயம்? எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுத்தா அது யாருக்கு லா பிரயோஜனம்?” என்றார்.

இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். அந்த மாதம் என்னுடைய வேலை அனுமதி புதுப்பிப்புக்குப் போயிருந்தது. நிறுவனத்தின் கடிதம் இல்லாவிட்டால் நான், கணவர், மகள் மூன்று பேருக்கும் இந்த ஊரில் இடம் இல்லை. மலாய் மொழிப் படிவம் ஒன்று வந்தது. தனிநபர் விவரம் உள்ளதா என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டேன். எந்தச் சொல்லையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. என் மலாய் அவ்வளவு மோசமும் இல்லை.

5

கோப்பு வெளியாகி மூன்று மாதம் இருக்கும். பூசை முடிந்து வெளியே வரும்போது, முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்வி என்றாள். ஆரோக்கியத்தின் பக்கத்து ஊர்க்காரி, ஸ்ரீ கெம்பாங்கானில் மிளகாய்த்தூள் பொட்டலம் போடும் தொழிற்சாலையில் வேலை. வீட்டை விட்டு வந்தவளைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, அதே தொழிற்சாலையில் தினக்கூலி வேலைக்கும் சேர்த்துவிட்டது இவள்தான். ஓர் ஆண்டாக இருவரும் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

முந்தின வியாழக்கிழமை காலை இருவரும் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு கார் வந்து ஒதுங்கியது. முதலாளியம்மாவும் அவருடைய மகனும். மகன் கணினிப் படிப்புப் படிக்கிறவன். வண்டியில் ஏறச் சொன்னார்கள், ஆரோக்கியம் ஏறவில்லை. பெரியம்மா உன்னைக் கேட்டு அழுகிறார் என்று கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். அப்புறம் அதிகாரிகளை அழைத்துவிட்டார்கள். பெர்மிட் இல்லாதவளைக் கூட்டிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? செல்வியிடம் தாள் எல்லாம் சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

“அந்தப் பையன் போன்ல மேப்பு காட்டுனான்க்கா. பூராப் புள்ளி. தெனம் ஆறே காலுக்கு இங்க ஏறுற, சனிக்கெழம செலாயாங் பாசாருக்குப் போற, எல்லாம் கவர்மெண்டுக் கணக்குலயே போட்டிருக்குங்குறான். அப்டியெல்லாம் போடுவாங்களாக்கா?”

போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

6

அன்று பகலே கணினியைத் திறந்து, ஊருக்கெல்லாம் கொடுத்த அதே கோப்பை ஒரு வெளியாளைப்போல இறக்கினேன். சுபாங் ஜெயாவில் அந்த வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தம். ஞாயிறு காலை ஆறு இருபதை ஒட்டி ஏறி, எங்கள் கோயில் பக்கம் இறங்கிய அட்டைகள். நாற்பது சொச்சம் வந்தன. தவக்காலத்து வெள்ளிகளையும் சேர்த்தேன், மூன்றே மூன்று அட்டைகளாகக் குறைந்தன. மருத்துவமனைக்குப் போன வெள்ளிக்கிழமை வராத அட்டை எது என்று கேட்டேன். ஒன்றுதான் மிஞ்சியது. ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரத்தோடு அந்த அட்டை சுபாங் ஜெயாவில் தட்டுவதை நிறுத்துகிறது, இரண்டு நாள் கழித்து ஸ்ரீ கெம்பாங்கானில் தட்டத் தொடங்குகிறது. அதற்கப்புறம் டிசம்பர் வரைக்கும் தினமும்.

பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பையனுக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகியிருக்கலாம்.

அவள் ஏறிய நிறுத்தத்தில் தொழிற்சாலைக் கூட்டம் ஏறுகிறது, பத்துப் பேர் விதி அதை மறைக்கவில்லை. எல்லா விதிகளையும் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருந்தோம். பெயரை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவார் என்று நினைத்ததுதான் தவறு. நம்மை நமக்குத் தெரிந்தவர்கள் எப்போதாவது பெயரை வைத்தா அடையாளம் காண்கிறார்கள்? எந்த நேரத்துக்கு எங்கே வருவோம், எந்த நாள் வராமல் இருந்தோம் என்பது அவர்களுக்குப் போதும். ஒரு வீட்டில் இரண்டு வருடம் இருந்தவளை அந்த வீட்டைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மறுநாள் ரவியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கோப்பை அன்றைக்கே எடுத்துவிட்டார், அந்த விதத்தில் மனிதர்தான். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் இறக்கியிருந்தார்கள். எவனோ ஒரு மாணவன் தன் பக்கத்தில் பிரதி போட்டு வைத்திருந்தான், எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. மேலிடத்துக்குப் புகார் அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாதிக்கப்பட்டவரின் முழுப் பெயர், அடையாள எண், கையொப்பம் இணைக்கப்படவில்லை. மேற்படி கோப்பில் பெயர்கள் எதுவும் இல்லாததால் தனிநபர் எவரும் பாதிக்கப்பட்டதாகக் கருத இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் குறி போட்ட அந்தப் படிவத்தின் நகலை ஆதாரமாக இணைத்திருந்தார்கள்.

மகளிடமும் சொன்னேன். அவளுடைய முப்பது கூட்டாளிகளைப் பற்றி எச்சரிக்கத்தான் தொடங்கினேன், பேச்சு எங்கெங்கோ போய் ஆரோக்கியத்தில் முடிந்தது. முழுவதையும் கேட்டாள். “அப்ப நீங்க செஞ்சதா அது?” என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் என் திரையில் புள்ளி காணாமல் போனது.

7

தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பார்க்கப் போகும் கன்னியாஸ்திரி ஒருவர் எங்கள் கோயில் பங்கில் இருக்கிறார். அவரோடு ஒட்டிக்கொண்டு இந்தக் கலவரங்களுக்கு இடையிலேயே ஒரு தடவை போய் வந்தேன். வாசலில் அதிகாரி உறவுமுறை கேட்டார். தோழி என்றதற்கு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அக்கா என்றேன். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கொடுத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள், பேன் தொல்லையாம். சாப்பாடு பரவாயில்லை, தூங்கத்தான் இடமில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அது உறுதி. தம்பியை நர்சிங் படிக்கவைக்க வந்தவள், அவன் படிப்பு இரண்டாவது வருடத்தோடு நிற்கப் போகிறது. அதையெல்லாம் ஏதோ அடுத்த வீட்டுக் கதைபோலச் சொல்லிக்கொண்டு வந்தவள், செல்வியின் பேச்சு வந்ததும் மாறிவிட்டாள்.

“அவதான்க்கா சொல்லிக் குடுத்தா. நான் இருக்குற எடம் வேற யாருக்குத் தெரியும்? அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை பாத்தீங்களா? ஊருக்குப் போயி அவ ஆத்தாகிட்ட நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

செல்வி இல்லை என்றேன். நம்பவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பயண அட்டை, பதிவு, புது எண் என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே வளவளவென்று இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“நான்தான் ஆரோக்கியம். நான் வெளிய விட்ட கணக்குலருந்துதான் உன்னக் கண்டுபிடிச்சாங்க.”

கண்ணாடியின் அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

“நீங்க அவளக் காப்பாத்துறதுக்குச் சொல்றீங்க. உங்களுக்கு ஏன்க்கா அந்தப் பாவம்? நான் எங்க இருந்தேன்னு உங்களுக்கே தெரியாதே.”

உண்மைதான். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குக் காவல் என்று இருவரும் நினைத்திருந்தோம். பதில் சொல்வதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

8

ஆரோக்கியம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். சொன்னபடியே செய்தும்விட்டாள். செல்வியின் அம்மா வீட்டு வாசலில் நின்று, கூட இருந்தவளைக் காட்டிக் கொடுத்த மகளைப் பெற்றவள் என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறாள். அந்த அம்மா இப்போது கோயிலுக்குப் போவதில்லையாம். செல்வியின் தங்கைக்குக் கூடிவந்த சம்பந்தமும் கலைந்துபோனது. அந்த வீட்டுப் புத்தி எல்லாருக்கும்தானே இருக்கும் என்று பேசினார்களாம்.

செல்வி என்னை அழைத்து அழுதாள். “நீங்களாச்சும் ஊருக்கு எழுதிச் சொல்லுங்கக்கா. நான் அந்தமாதிரி ஆளு இல்லன்னு.”

ஆரோக்கியத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அதனால்தான் ஊரில் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். காட்டிக் கொடுத்தவள் செல்வி இல்லை. நான்தான்.

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதலாளி வீட்டுக்காரர்கள் அந்தத் தழும்புக்கு இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை, அதைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் சும்மா இருக்கமாட்டார்கள். ஆகவே ஆரோக்கியத்தின் பெயரை மாற்றினேன். செல்வியின் பெயரையும். சிவகங்கை இல்லை, வேறு மாவட்டம். தொழிற்சாலையில் பொட்டலம் போடுவதும் மிளகாய்த்தூள் இல்லை. இந்தத் தடவை கவனமாகச் செய்திருக்கிறேன், யார் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தாலும், இது தாங்கள் பழி சுமத்திய தங்கள் தெருப் பெண்ணைப் பற்றியது என்று அவர்களுக்கும் தெரியப்போவதில்லை.